குடிஜலக் கிணற்றைச் சுத்தி செய்யும் செலவு
ஆலத்தூர் நாட்டு ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்கலாகாது என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. குடிக்கும் ஜலத்தை மரியாதையுடன் போற்ற வேண்டுமென்பதே அதன் கருத்து. ஆயினும் கிணற்று ஜலத்தைப் பரீட்சை செய்வது அதைப் பழிப்பதாகாது. நோயுற்ற தாய்க்கு வைத்தியம் செய்வதை யாரும் பழிப்பென்று சொல்லுவதில்லை.

நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த கொல்லிமலையிலுள்ள நாடுகளுள் ஆலத்தூர் நாடும் ஒன்று. மலையின்மேல் சிற்றூர்கள் மேட்டிலும் பள்ளத்திலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆகையால் ஓர் ஊரின் ஊற்றும் கிணறும் மற்றோர் ஊருக்கு எளிதில் உதவுவதில்லை. மலை ஜலம் பெரும்பாலும் தெளிவாக இருப்பதால், அது சுத்தமாகவும் இருக்கும் என்று ஜனங்கள் நம்பிவிடுகின்றனர். தெளிவு வேறு, சுத்தம் வேறு. கண்ணுக்குத் தெரியாத கிருமியும், நாக்குக்குத் தெரியாத உப்பும் தெளிந்த ஜலத்தில் இருக்கக்கூடும்.

ஒரு கிணற்றின் ஜலம் குடிக்கத் தகாதது என்று பரீட்சையில் தெரிந்தால், அதைச் சுத்தி செய்ய எவ்வளவு பணம் வேண்டும், அப்பணம் எங்கிருந்து வரும், எத்தனை வருஷத்துக்கு வர வேண்டும் என்பவை அடுத்த வினாக்கள். பெரிய பட்டணங்களும் இவ்வினாக்களின் முன் தடுமாறியிருக்கின்றன. அவற்றின் அநுபவத்தை அறிந்துகொண்டால், சிறிய ஊரின் சங்கம் அதே தவறுகளைச் செய்யாமல் தப்பலாம்.

மாசின் வகையும் செலவின் வகையும்

கிணற்று ஜலத்தைக் கெடுக்கும் மாசுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். வகைக்கு ஏற்பச் செலவும் வேறுபடும்.

முதலாவது கிருமி. மாட்டுக் கொட்டிலும் கழிப்பிடமும் கிணற்றுக்கு மேற்புறத்தில் இருந்தால், மழை ஜலத்தோடு அழுக்கும் இறங்கும். வயிற்றுப்போக்கு, விஷசுரம், காமாலை முதலிய நோய்கள் இவ்வழியாகப் பரவும். இவ்வகை மாசை நீக்குவதே மிகவும் மலிவானது. நல்ல பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டர் ஜலத்துக்குச் சுமார் 2.5 கிராம் போதும். குறுக்களவு 3 மீட்டரும், நிற்கும் ஜலத்தின் ஆழம் 2 மீட்டருமுள்ள ஒரு வட்டக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். குறுக்களவைக் குறுக்களவால் பெருக்க 9, அதை ஆழத்தால் பெருக்க 18, அதை 3.14-ஆல் பெருக்கி 4-ஆல் வகுக்க 14.13 கன மீட்டர், அதாவது 14,130 லிட்டர். இதற்கு வேண்டிய தூள் சுமார் 35 கிராமே. தூளை வாளியில் குழைத்து, ஜலம் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்த பின் மேலே நிற்கும் தெளிவை மட்டும் கிணற்றில் விட வேண்டும். ஒரு மணி நேரமாவது கழிந்த பிறகே ஜலம் இறைக்கலாம். அப்போது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சாவிடில் ஜலத்தில் அழுக்கு மிகுதியென்றும், தூள் இன்னும் வேண்டுமென்றும் பொருள்.

இரண்டாவது, கரைந்த உப்பு. பாறையிலிருந்து கரையும் ஃப்ளோரைடும், எருவிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் இறங்கும் நைட்ரேட்டும் இவ்வகையின. குடிஜலத்தைப் பற்றிய இந்திய தர நிர்ணயப்படி ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு ஜலம் கிடையாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரையில் பொறுக்கலாம். நைட்ரேட்டுக்கு எல்லை 45 மில்லிகிராம். இவ்வுப்புகள் காய்ச்சுவதால் போகா. காய்ச்சும்போது ஜலம் ஆவியாகக் குறைந்து, உப்பின் செறிவு ஏறவே செய்யும். மரவள்ளிக் காட்டுக்கு இடும் உரம் சரிவில் இறங்கும் இடத்தில் கிணறு இருந்தால், நைட்ரேட்டுப் பரீட்சையை விட்டுவிடலாகாது. அது மிகுந்த ஜலம் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு முக்கியமாகத் தீங்கு செய்யும்.

மூன்றாவது, ஆலைக்கழிவு. தோல் பதனிடும் உப்பும் குரோமியமும், எண்ணெயும், புதிய ரசாயனங்களும் இதில் அடங்கும். இவற்றை நீக்குவது மிகவும் செலவுள்ள காரியம். சில இடங்களில் நிலத்தடி ஜலம் பல தலைமுறைக்குக் கெட்டுவிடும்.

ஃப்ளோரைடின் தீங்கு இந்த மாகாணத்துக்குப் புதியதன்று. முந்திய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் ஜனங்களின் எலும்பையும் பல்லையும் வாட்டிய நோய் ஃப்ளோரைடால் விளைந்தது என்று ஷார்ட் முதலிய வைத்திய ஆராய்ச்சியாளர் 1937-ல் எழுதி வெளியிட்டனர். குழந்தைக்கு நிலையான பல் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், இந்த ஜலத்தைக் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். பின்னர் எவ்வளவு நல்ல ஜலம் கொடுத்தாலும் அக்கறை தானாக நீங்காது. ஆகவே சுத்தி செய்யும் சாதனம் இரண்டு வருஷம் நின்றுபோனால், அந்த இரண்டு வருஷத்தின் நஷ்டத்தை ஊரிலுள்ள சிறு பிள்ளைகள் ஆயுள் முழுதும் சுமப்பார்கள். பணக் கணக்கைப் பற்றிய இப்பாடத்தின் முக்கியம் இதிலேயே இருக்கிறது.

தர்மபுரியின் வழி: கடன் வாங்கி ஆற்று ஜலம் கொணர்தல்

கொல்லிமலைக்கு வடக்கே தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் பல ஊர்களின் கிணற்றிலும் ஆழ்குழாயிலும் ஃப்ளோரைடு மிகுதி. நாகபுரியிலுள்ள தேசிய சுற்றுப்புறப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார் படிகாரமும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் சேர்த்து ஃப்ளோரைடைப் படியச் செய்யும் ஒரு முறையை வகுத்தனர். அதற்கு நல்கொண்டா முறை என்று பெயர். முறை எளிதே. ஆனால் ஒவ்வொரு நாளும் அளவறிந்து கலக்க ஆள் வேண்டும். படியும் சேற்றை அப்புறப்படுத்த இடம் வேண்டும். ஆயிரக்கணக்கான குக்கிராமங்களில் இதைத் தவறாமல் நடத்துவது கடினம்.

ஆகையால் அவ்விரு ஜில்லாக்களுக்கும் வேறு வழி கொள்ளப்பட்டது. ஒகேனக்கல்லில் காவிரி ஜலத்தை எடுத்துச் சுத்திகரித்து, தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் ஆகிய நகரங்களுக்கும் ஏராளமான கிராமங்களுக்கும் குழாயால் அனுப்புவதே அவ்வழி. 1,928.80 கோடி ரூபாய் மதிப்புள்ள இத்திட்டத்துக்கு ஜப்பான் தேசத்து நிதி ஸ்தாபனம் நீண்ட தவணைக் கடன் கொடுத்தது. முதற் கடன் ஒப்பந்தம் 2008-லும், இரண்டாவது 2009-லும் ஏற்பட்டன. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் வேலையை நடத்தியது. 2013 மே மாதம் திட்டம் ஜனங்களின் உபயோகத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இதில் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று: இத்தனை பெரிய முதலை எந்த ஊரும் நகரசபையும் தனியே திரட்ட முடியாது, சர்க்கார் பொறுப்பேற்றுக் கடன் வாங்கினாலன்றி நடவாது. இரண்டு: கடன் வாங்கிக் குழாய் போட்டதோடு செலவு முடியவில்லை. ஜலத்தை மேட்டுக்கு ஏற்ற மின்சாரம், சுத்திகரிக்க மருந்து, குழாய் உடைந்தால் பழுதுபார்க்க ஆள் ஆகிய இவற்றுக்கு வருஷந்தோறும் பணம் வேண்டும். வெளியூர்க் கடன் முதலைக் கொடுக்கும். அன்றாடச் செலவை அது கொடாது.

திண்டுக்கல், வாணியம்பாடி வழி: கெடுத்தவரிடம் கேட்டல்

பாறையில் இயற்கையாக உள்ள ஃப்ளோரைடுக்குப் பொறுப்பாளி எவருமில்லை. ஆலைக்கழிவோ அப்படியன்று. கிணற்றைக் கெடுத்தவர் இன்னார் என்று காட்ட முடியுமானால், சுத்தி செய்யும் செலவை அவரே ஏற்க வேண்டுமென்பது நியாயம்.

வேலூர்ப் பகுதியிலும் திண்டுக்கல் முதலிய இடங்களிலும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்திலும் ஆற்றிலும் விடப்பட்டது. திண்டுக்கல்லைச் சார்ந்த 13 கிராமங்களில் நடத்திய ஒரு சோதனையில், குடிக்கவும் பாய்ச்சவும் உதவிய 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. இந்தக் கணக்கு இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே எடுத்துக் கூறப்பட்டுள்ளது. வேலூர் குடிமக்கள் நலச் சங்கம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் வழங்கிய அத்தீர்ப்பில், மாசு செய்தவரே நஷ்டஈடும் நிலத்தையும் ஜலத்தையும் சீர்ப்படுத்தும் செலவும் கொடுக்க வேண்டும் என்ற விதியை நீதிமன்றம் நிலைநாட்டியது. அன்றியும் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

நஷ்டஈட்டை நிர்ணயிக்க ஓர் அதிகார ஸ்தாபனம் ஏற்பட்டது. அது 2001-ல் வேலூர் ஜில்லாவில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் கொடுக்கும்படி தீர்மானித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. இது நிலம் கெட்டதற்கான ஈடு. கிணறு அதனால் மீளவில்லை. இதே விஷயம் மறுபடியும் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்து, 2025 ஜனவரி 30-ல், நஷ்டஈடு முழுதும் கொடுக்கப்பட வேண்டும், கெட்ட நிலமும் நீரும் சீர்ப்படுத்தப்பட வேண்டும் என்று உத்தரவாயிற்று. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 வருஷத்துக்கு மேல் கழிந்தது. 1996-ல் பிறந்த குழந்தை 2025-ல் தானே ஒரு குடும்பத்துக்குத் தலைமை வகிக்கும் வயதை அடைந்திருக்கும்.

எனவே கெடுத்தவரிடம் கேட்கும் உரிமையைக் கைவிடலாகாது. ஜலப் பரீட்சைச் சீட்டுகளைத் தேதிவாரியாகப் பத்திரப்படுத்துவது அவ்வுரிமைக்கு ஆதாரம். ஆனால் அப்பணம் வரும் வரையில் தாகம் காத்திராது. வழக்கு நடக்கும்போதே ஊருக்கு நல்ல ஜலம் கிடைக்கும் ஏற்பாடு தனியே நடக்க வேண்டும்.

அமெரிக்க நகரத்தின் வழி: சுழல் நிதி

மூன்றாவது வழி, ஐக்கிய சங்கத்தாருக்கு மிகவும் நெருக்கமானது. அமெரிக்காவில் விஸ்கான்சின் ராஜ்யத்திலுள்ள வாஸா என்பது சுமார் 40,000 ஜனங்கள் வாழும் நகரம். நகரசபையார் ஆறு கிணறுகளிலிருந்து எல்லா வீட்டுக்கும் ஜலம் கொடுத்து வந்தனர். 2022 பிப்ரவரியில், அந்த ஆறு கிணறுகளிலும் பி.எப்.ஏ.எஸ். என்னும் ரசாயன வகுப்பு கலந்திருப்பதாக ஜனங்களுக்கு அறிவிக்கப்பட்டது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத பாத்திரப் பூச்சு, தீயணைக்கும் நுரை முதலியவற்றில் உபயோகமாகும் இவ்வகுப்பு எளிதில் அழிவதில்லை. 2024 ஏப்ரலில் அத்தேசத்துச் சர்க்கார் இவ்வகுப்பின் இரண்டு ரசாயனங்களுக்கு விதித்த எல்லை, லட்சங்கோடிப் பங்கு ஜலத்தில் 4 பங்கு. எவ்வளவு நுட்பமான அளவு என்பதை இதனால் ஊகிக்கலாம்.

இதை நீக்கப் பதப்படுத்திய கரித் துகள் நிரப்பிய பெரிய தொட்டிகளின் வழியே ஜலத்தைச் செலுத்த வேண்டும். கரி மாசைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சில காலத்தில் கரி நிறைந்துவிடும். பிறகு பழைய கரியை எடுத்துப் புதியதை இட வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு வாஸா நகரசபை தன் ராஜ்யத்தின் குடிஜலக் கடன் நிதியை நாடியது.

அந்நிதியின் அமைப்பு அறியத்தக்கது. 1996-ல் அமெரிக்காவில் இயற்றிய சட்டத்தின்படி, தேசிய சர்க்கார் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் ஒரு மூலதனம் கொடுக்கும். ராஜ்யம் ஒவ்வொரு 100 டாலருக்கும் தன் பங்காக 20 டாலர் சேர்க்க வேண்டும். அந்த முதலிலிருந்து நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும். ஒரு நகரம் திருப்பிக் கட்டும் தவணை மற்றொரு நகரத்துக்குக் கடனாகப் போகும். பணம் இவ்வாறு சுற்றிச் சுற்றி வருவதால் அதற்குச் சுழல் நிதி என்று பெயர். வறிய ஊர்களுக்குக் கடனில் ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுப்பதும் உண்டு. 2021-ல் இயற்றிய மற்றொரு சட்டம், பி.எப்.ஏ.எஸ். போன்ற புதிய மாசுகளுக்காக இந்நிதியில் 400 கோடி டாலரைத் திருப்ப வேண்டாத உதவியாகவே சேர்த்தது. கெடுத்தவரிடமிருந்தும் பணம் வந்தது: த்ரீ எம் என்னும் கம்பெனி குடிஜல ஸ்தாபனங்களுக்குப் பல வருஷத் தவணைகளில் 1,030 கோடி டாலருக்குக் குறையாமல் கொடுக்க 2023-ல் உடன்பட்டது, 2024 மார்ச்சில் நீதிமன்றம் அதை அங்கீகரித்தது.

ஐக்கிய சங்கத்தின் பேரேட்டை அறிந்தவருக்குச் சுழல் நிதி புதுமையன்று. மிளகுக்கும் மரவள்ளிக்கும் சங்கம் கொடுத்த கடனை ஓர் அங்கத்தினர் தவணை தப்பாமல் கட்டினால், அப்பணமே அடுத்த அங்கத்தினருக்கு விதைக்கும் உரத்துக்கும் ஆகிறது. அவர் கட்டாமல் நின்றால் நஷ்டமடைபவர் சங்கத்தின் காரியதரிசி அல்லர். வரிசையில் காத்திருக்கும் அடுத்த அங்கத்தினரே. ஜல நிதியிலும் அப்படியே. ஒரு நகரம் கட்டும் தவணையில் அடுத்த நகரத்தின் கிணறு சுத்தமாகிறது.

ஆலத்தூர் நாட்டுக்குக் கணக்கு

இந்தியாவில் 2019 ஆகஸ்டு 15-ல் ஜல் ஜீவன் மிஷன் என்னும் திட்டம் தொடங்கிற்று. தமிழ்நாடு போன்ற ராஜ்யங்களில் செலவைத் தேசிய சர்க்காரும் ராஜ்ய சர்க்காரும் சமபாதியாக ஏற்பது அதன் ஏற்பாடு. ஊருக்குள் செய்யும் வேலையின் முதற் செலவில் 100-க்கு 10 பங்கை ஊரார் ரொக்கமாகவோ, பொருளாகவோ, உடலுழைப்பாகவோ கொடுக்க வேண்டுமென்று அதன் விதி கூறுகிறது. மலைப் பிரதேசத்து ஊர்களுக்கும், பழங்குடி மக்களும் ஆதி திராவிடரும் பாதிக்கு மேற்பட்ட ஊர்களுக்கும் அது 5 பங்காகக் குறையும். கிராமத்துக்கு 5 பெண்களுக்கு ஜலப் பரீட்சைப் பெட்டியை உபயோகிக்கப் பழக்குவதும் அத்திட்டத்தின் ஓர் அங்கம். ஜலம் சுமப்பவர் பெண்களே ஆதலால், பரீட்சையும் அவர்கள் கையில் இருப்பது பொருத்தமே.

இனி ஒரு கணக்குப் பார்க்கலாம். கீழ்க்கண்ட தொகைகள் பழகுவதற்காக வைத்துக்கொண்டவை. உண்மைத் தொகையை என்ஜினீயரின் மதிப்பீட்டிலிருந்து எடுக்க வேண்டும். 60 வீடுள்ள ஒரு சிற்றூர். அதன் கிணற்றில் உப்பு மாசு காணப்பட்டு, அதை நீக்கும் சாதனம் 3,00,000 ரூபாயில் அமைகிறது. ஊரார் பங்கு 5 வீதம் 15,000 ரூபாய். வீட்டுக்கு 250 ரூபாய். இரண்டொரு நாள் வேலை செய்தே இதை ஈடுசெய்யலாம். இவ்வளவில் ஊர் மகிழ்ச்சியடைந்து, சாதனத்துக்கு மாலையிட்டுத் திறப்பு விழா நடத்தும்.

வருஷச் செலவோ இது: கவனிக்கும் ஆளுக்கு 12,000; மின்சாரம் 4,800; ஜலப் பரீட்சை 1,200; சில்லறைப் பழுது 3,000; ஆக 21,000 ரூபாய். இதைப் பார்த்து மகாசபையில் வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் போதும் என்று தீர்மானிக்கின்றனர். வருஷ வசூல் 21,600. மீதி 600. கணக்கு நேராக இருப்பதாகத் தோன்றும்.

ஆனால் சாதனத்துக்குள் மாசைப் பிடிக்கும் சரக்கை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதற்கு 36,000 ரூபாய். மூன்றாம் வருஷ முடிவில் பெட்டியில் இருப்பது 1,800 ரூபாய். சாதனம் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயில் ஜலம் விழும். ஆனால் மாசு நீங்காது. நின்றுபோன இயந்திரத்தைவிட இது பொல்லாதது. நின்றது எல்லாருக்கும் தெரியும். பயனற்று ஓடுவது பரீட்சை செய்தாலன்றித் தெரியாது.

சரியான கணக்கு வேறு. சரக்குக்கு வருஷத்துக்கு 12,000 ஒதுக்க வேண்டும். மோட்டாரும் தொட்டியும் 10 வருஷத்தில் தேய்ந்து 60,000 ரூபாய்க்குப் புதிதாக வேண்டியிருக்குமானால், அதற்கு வருஷம் 6,000. ஆக மொத்தம் 39,000. வீட்டுக்கு வருஷம் 650, மாதம் 54 ரூபாய்க்குச் சற்று மேல். மாதம் 60 ரூபாயாக விதித்தால் வருஷம் 43,200 வரும். நடைமுறைச் செலவு 21,000 போக 22,200 மிஞ்சும். 10 வருஷத்தில் 2,22,000. அதில் மூன்று முறை சரக்கு மாற்ற 1,08,000-மும், மோட்டார் தொட்டிக்கு 60,000-மும் போனால் 54,000 கையிருக்கும். விலையேற்றத்துக்கும், விதவைகள், நோயாளிகள் முதலிய ஏழைக் குடும்பங்களுக்குத் தள்ளிக் கொடுக்கவும் அது உதவும்.

பாக்கியின் பலனையும் காண்க. 60 வீட்டில் 10 வீடு கட்டாவிடில் வசூல் 36,000 ஆகக் குறையும், தேவையோ 39,000. வருஷத்துக்கு 3,000 ரூபாய் பள்ளம் விழும். தள்ளிக் கொடுப்பதானால் மகாசபை அறிந்து, பெயர் குறித்து, தீர்மானம் எழுதித் தள்ள வேண்டும். கேட்பாரற்று விடுவது தருமமன்று. அது ஒழுங்காகக் கட்டும் ஏழை மற்றொருவரின் பங்கையும் சுமக்கும்படி செய்வதாகும்.

சங்கம் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும்

கிணறும் சாதனமும் பஞ்சாயத்தின் பொறுப்பு. கிராமக் குடிநீர்க் குழுவே அவற்றை நிர்வகிக்க வேண்டும். சங்கம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது. ஆனால் ரசீது எழுதவும், நாளேடு வைக்கவும், தணிக்கைக்குக் கணக்குக் காட்டவும் பழகியவர்கள் சங்கத்தில் இருக்கின்றனர். அப்பழக்கம் குடிநீர்க் குழுவுக்கு மிகவும் வேண்டியது. ஜலப் பணத்துக்குத் தனிக் கணக்கு இருத்தல் வேண்டும். சங்கத்தின் பங்குத் தொகையையோ கடன் முதலையோ சாதனத்தில் போடலாகாது. அது வேறு காரியத்துக்காக அங்கத்தினர்கள் ஒப்படைத்த பணம். அவ்வாறே ஜலப் பணத்தை அறுவடை வரையில் என்று சொல்லி எவருக்கும் கைமாற்றாகக் கொடுக்கலாகாது. அறுவடை வரலாம், வராமலும் போகலாம். சரக்கு மாற்றும் நாள் வந்தே தீரும். சங்கம் ஜல நிதியை வைத்துக்கொள்வதானால், உபவிதிகள் அதற்கு இடங்கொடுக்கின்றனவா என்று முன்னதாகப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முந்தியது தடுத்தல். கிணற்றைச் சுற்றி மேடையும் கைப்பிடிச் சுவரும் கட்டுதல், மேற்சரிவில் கொட்டிலும் எருக்குழியும் கழிப்பிடமும் வைக்காதிருத்தல், உரம் இட்ட ஜலம் கிணற்றை அடையாமல் வரப்பு எடுத்தல் ஆகிய இவற்றுக்குப் பணம் சிறிது, உழைப்பே பெரிது. வாஸாவும் வாணியம்பாடியும் கெட்ட ஜலத்தைத் திருத்த எத்தனை கோடி வேண்டியிருக்கிறது என்று காட்டுகின்றன. கெடாத கிணற்றைக் காப்பது, அத்தனை கோடியையும் கடனில்லாமல் சேமித்ததற்குச் சமானம்.

சபையில் ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்

1. ஊரிலுள்ள ஒவ்வொரு கிணற்றின் ஜலமும் கடைசியாக எந்தத் தேதியில் பரீட்சை செய்யப்பட்டது? சீட்டு யாரிடம் இருக்கிறது?

2. காணப்பட்ட மாசு கிருமியா, உப்பா, கழிவா? காய்ச்சுவதால் நீங்குமா?

3. சாதனம் வைப்பதாக யாரேனும் முன்வந்தால், அதன் வருஷச் செலவு என்ன, சரக்கு எத்தனை காலம் உழைக்கும் என்று எழுத்து மூலம் கேட்கப்பட்டதா?

4. மாதக் கட்டணத்தில் தேய்மானம் சேர்ந்திருக்கிறதா? மூன்றாம் வருஷ முடிவில் கையிருப்பு எவ்வளவு இருக்கும்?

5. கட்ட இயலாத குடும்பங்கள் எவை? அவற்றுக்காக மகாசபை செய்த தீர்மானம் என்ன?

நான்காவது வினாவுக்கு விடை சொல்ல முடியாத ஊர், மற்ற நான்குக்கும் விடை சொன்னாலும், திறப்பு விழாவை ஒத்திவைத்து முதலில் கணக்கை முடிப்பது நலம்.